தேக்கிலையில் மஞ்சள் தூள்: கிளிநொச்சியிலிருந்து ஒட்டுசுட்டான் வரை

தேக்கிலைத் துருநோயைச் சேகரிக்க ஒட்டுசுட்டான் பக்கம் போகவேண்டும், எந்த மாதம் நல்லது, எங்கே பஸ் ஏறுவது என்று ஒரு மாணவி எழுதிக் கேட்டிருக்கிறார். நாலு வரியில் பதில் போட்டிருக்கலாம். ஆனால் அந்தப் பாதையால் நான் முதன்முதல் போனது 1994 மாசி மாதம், சைக்கிளில், கரியரில் தலையணைக்குள் சுற்றிக் கட்டிய ஒரு நுணுக்குக்காட்டியோடு (மைக்ரோஸ்கோப்). அதைச் சொல்லாமல் பஸ்ஸைப் பற்றி மட்டும் எழுத மனம் வரவில்லை. அவசரக்காரர்கள் நேரே கடைசிப் பகுதிக்குப் போகலாம், கோபிக்க மாட்டேன்.

அப்போது நான் கிளிநொச்சியில் ஒரு விவசாய அலுவலகத்தில் பயிர் நோய்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நெல்லுக்கு எரிபந்தம், மிளகாய்க்கு இலைச்சுருட்டு, தக்காளிக்கு வாடல் என்று ஆட்கள் இலையும் தண்டுமாக வருவார்கள். மரத்துக்கு வருத்தம் என்று ஒருவரும் வந்ததில்லை. மரம் தன் பாட்டில் நிற்கும், தன் பாட்டில் பட்டுப்போகும் என்பதுதான் எல்லோருடைய எண்ணமும்.

அந்த மாசியில்தான் பொன்னுத்துரை அண்ணை வந்தார். குடாநாட்டில் பிறந்து, முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் காணி கிடைத்து வந்து, இருபது வருடத்துக்கு மேலாக நெல்லுச் செய்கிறவர். கடதாசியில் மடித்த ஒரு தேக்கிலையை என் மேசையில் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்றார்.

"கையால தொடாதேங்கோ மிஸ். நஞ்சு எண்டு சனம் சொல்லுது."

விஷயம் இதுதான். அவருடைய வயலுக்குக் கிட்ட ஒரு தேக்கந்தோட்டம். அதன் ஓரத்தில் நாற்பது குடும்பமளவில் கொட்டில் போட்டு இருந்தார்கள். எல்லோரும் மலையகத்துச் சனம், வவுனியா எல்லைப் பக்கமிருந்து தொண்ணூறில் இடம்பெயர்ந்து வந்தவர்கள். தை நடுவிலிருந்து மரங்களிலிருந்து மஞ்சள் தூள் கொட்டுகிறது. தலையில், சோற்றுப் பானையில், காயப்போட்ட உடுப்பில் எல்லாம் மஞ்சள். அதே கிழமைதான் ஒரு விமானம் தோட்டத்துக்கு மேலே சுற்றிவிட்டுப் போனது. பிறகு பிள்ளைகளுக்குக் கண் சிவந்து, உடம்பு கடிக்கத் தொடங்கியிருக்கிறது.

"வெள்ளிக்கிழமை வெளிக்கிடப் போகினம். குளத்துக்கு அங்கால, காட்டுக் கரைக்கு. அது யானை இறங்கிற பாதை மிஸ். நாங்கள் பகலிலயே அங்க தனிய போறேல்லை. சொன்னாக் கேக்கினமில்லை. நஞ்சைவிட யானை பரவாயில்லையாம்."

இலையைத் திருப்பிப் பார்த்தேன். சைக்கிளில் வந்த வழியில் தூள் எல்லாம் தேய்ந்து கடதாசியில் அப்பிக் கிடந்தது. நுணுக்குக்காட்டியில் வைத்தபோது உடைசல்களைத் தவிர ஒன்றும் ஒழுங்காகத் தெரியவில்லை. தேக்கு, பனிக்காலம், இலையின் கீழ்ப்பக்கம், மஞ்சள் தூள் என்றால் துருநோய் என்று என் புத்தகம் சொல்லும். துரு என்பது இலையில் வாழும் ஒருவகைப் பங்கசு, அதாவது பூஞ்சணம். இரும்பில் பிடிக்கும் துருவைப் போலத் தூளாக வருவதால் அந்தப் பெயர். ஆனால் துருநோய் பிள்ளைகளின் கண்ணைச் சிவக்க வைத்ததாக எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. போர் நடந்துகொண்டிருந்த அந்தக் காலத்தில், வானத்திலிருந்து நஞ்செல்லாம் போடமாட்டார்கள் என்று அடித்துச் சொல்ல யாரால் முடியும்?

நேரே போய், மரத்திலிருந்து புது இலை எடுத்து, அவர்கள் கண் முன்னால் பார்த்தால்தான் உண்டு என்று முடிவெடுத்தேன்.

புதன்கிழமை காலை ஐந்தரைக்குப் புறப்பட்டோம். துணைக்கு எங்கள் அலுவலகத்து தயாளன் வந்தார். நல்ல மனுசன், வாய் மட்டும் ஓயாது. பொன்னுத்துரை அண்ணை முதல்நாளே திரும்பிவிட்டார். மாங்குளம் வரை முப்பது கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூடுதல். ஏ-ஒன்பது பெயருக்குத்தான் வீதி. தார் இருந்த இடத்தில் பள்ளமும், பள்ளம் இல்லாத இடத்தில் கல்லும். ஒவ்வொரு குழிக்கும் நான் இறங்கி சைக்கிளை உருட்டினேன். கரியரில் இருந்தது அந்த வட்டாரத்தில் எனக்குத் தெரிந்து பாவனையில் இருந்த ஒரே நுணுக்குக்காட்டி. கண்ணாடியைத் திருப்பி வெயிலைப் பிடித்துப் பார்க்கிற பழைய சாமான். மின்சாரமே இல்லாத ஊருக்கு அதுதான் ராசி.

"பிள்ளையைக் கொண்டுபோற மாதிரிக் கொண்டுவாறீங்கள்," என்று தயாளன் பகிடி பண்ணினார். "பிள்ளையெண்டா அழுது சொல்லும், இது சொல்லாமல் உடையும்," என்றேன்.

மாங்குளத்தில் புளியமரத்துக்குக் கீழே இருந்து கொண்டுபோன புட்டையும் சம்பலையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒரு லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் வந்து நின்றது. ஒட்டுசுட்டானுக்கு வெறும் இழுவைப் பெட்டியோடு போகிறதாம். மண்ணெண்ணெய்ப் புகை கண்ணை எரித்தாலும் இருபத்தைந்து கிலோமீற்றர் சைக்கிள் உழக்குவதைவிட மேல். சைக்கிள்களைப் பெட்டியில் போட்டு, நுணுக்குக்காட்டியை நான் மடியில் வைத்துக்கொண்டேன். ஓட்டுநர் கூலி கேட்கவில்லை.

"அதுக்குள்ளால ஒருக்கா என்ர தலைமயிரைப் பாக்க விடுங்கோ, காணும்," என்றார்.

ஒட்டுசுட்டானில் இறங்கியதும் பார்க்கவிட்டேன். குனிந்து பார்த்தவர், "இந்தத் தடிப்போ? அப்ப ஏன் கொட்டுது?" என்றார்.

அங்கிருந்து முத்தையன்கட்டு வீதியால் மறுபடி சைக்கிள். இரண்டு பக்கமும் வயல், பிறகு பற்றைக்காடு, பிறகு திடீரென்று வரிசை வரிசையாகத் தேக்கு. தூரத்திலிருந்து பார்த்தபோதே இலைகளெல்லாம் பழுப்படித்து, நேரத்துக்கு முன்னால் கொட்டத் தொடங்கியிருந்தது தெரிந்தது. உள்ளே போனபோது என் கை மயிரெல்லாம் மஞ்சளாகிவிட்டது. நோய்களைப் பார்த்தே சம்பளம் வாங்குகிற எனக்கே மூச்சை உள்ளே இழுக்கத் தயக்கமாக இருந்தது. அங்கே இருந்த சனத்துக்கு எப்படி இருந்திருக்கும்?

கொட்டில்களில் பாதி ஏற்கெனவே பிரித்தாகிவிட்டது. கூரைக் கிடுகை அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். முதல் கொட்டிலில் பாக்கியம் என்ற இளம் தாய், ஒன்பது மாதப் பெண் குழந்தையை ஈரச் சேலையால் மூடி மடியில் வைத்திருந்தார். குழந்தையின் கண் இமை வீங்கிச் சிவந்திருந்தது.

"வாங்க மிஸ். உக்காருங்க. குடிக்கத் தண்ணி குடுக்கத்தான் பயமா இருக்கு," என்றார். கிணற்றுத் தண்ணீரை யாரும் குடிப்பதில்லையாம். குடிக்க, சமைக்கக் குளத்திலிருந்து சுமக்கிறார்கள். கிணற்றுத் தண்ணீர் குளிக்க மட்டும். பிள்ளைகளின் மேலிலிருந்து தூள் போகவேண்டும் என்று காலையும் மாலையும் குளிப்பாட்டுகிறார்கள்.

"எழுபத்தேழு கலவரத்துல தேயிலத் தோட்டத்த விட்டு வவுனியாப் பக்கம் வந்தோம், நான் அப்ப சின்னப் புள்ள. தொண்ணூறுல அங்கேருந்து இங்க வந்தோம். இப்ப மரமும் போகச் சொல்லுது. நீங்க ஒண்ணு சொல்லுங்க மிஸ், இது நஞ்சா இல்லையா? நஞ்சுன்னா நாளைக்கே போயிருவோம், வெள்ளிக்கெழம வரைக்கும் இருக்க மாட்டோம்."

பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

மூன்று மணி வெயில் இருந்தது. தயாளன் தடியால் வளைத்த கிளையிலிருந்து நானே இலையைப் பறித்தேன். முதலில் கண்ணால் பார்க்கவேண்டியதைப் பார்த்தேன். தூள் இலையின் கீழ்ப்பக்கத்தில், சின்னச் சின்னப் பொட்டுகளாகத் தோலைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. மேற்பக்கத்தில் அதே இடங்களில் சாம்பல் புள்ளிகள். மேலேயிருந்து விழுந்ததென்றால் மேற்பக்கத்தில் அல்லவா படிந்திருக்க வேண்டும்? பிறகு ஊசி முனையால் கொஞ்சம் தட்டி, கண்ணாடித் துண்டில் வைத்து, வெயிலைத் திருப்பினேன். முட்டை வடிவத்தில், செம்மஞ்சள் நிறத்தில், ஒன்றைப் போலவே மற்றது, சுவரெல்லாம் நுண்ணிய முள். பங்கசின் வித்திகள், அது பரவுகிற விதைகள் மாதிரி. பக்கத்தில் உள்நோக்கி வளைந்த தடித்த இழைகள், தேக்கின் துருவுக்கே உரிய அடையாளம். படத்தில் மட்டும் பார்த்திருந்ததை முதன்முதல் நேரில் பார்க்கிறேன். எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோசம்.

சந்தோசத்தைச் சனத்திடம் சொன்னபோது அது எடுபடவில்லை. "நஞ்சும் தூள்தானே, அதையும் கண்ணாடில வச்சா உருண்டையாத்தானே தெரியும்," என்றார் ஒருவர். அவர் சொன்னதில் பிழையில்லை. உருவத்தைக் காட்டி உயிர் என்று நம்பவைக்க முடியாது. முளைத்துக் காட்டவேண்டும். துருவின் வித்தி ஈரத்தில் சில மணித்தியாலத்தில் முளைவிடும். நஞ்சு முளைக்காது. விடிந்ததும் வாருங்கள், முளைத்திருந்தால் எல்லோரும் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன். கொஞ்சம் அவசரப்பட்ட வாக்குத்தான்.

குளத்துத் தண்ணீர் கலங்கலாக இருந்தது. கிணற்றுத் தண்ணீர் தெளிவு. இரண்டு கண்ணாடித் துண்டுகளில் அதில் ஒவ்வொரு துளி விட்டு, வித்தியைத் தூவி, ஈரத்துணி விரித்த கோப்பையில் வைத்து, மேலே சட்டியைக் கவிழ்த்தேன். தயாளன் கதையைப் பாதியில் விட்டுவிட்டுப் படுத்துவிட்டார். எனக்கும் நித்திரை நன்றாகத்தான் வந்தது, முப்பது கிலோமீற்றர் உழக்கிய உடம்பு.

வெயில் ஏறத் தொடங்கியதும் சட்டியைத் தூக்கினேன். சுற்றிவரச் சனம். குனிந்து பார்த்தேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. நிறம் வெளிறி, சுருங்கிக் கிடந்தன. வேறொரு துண்டைப் பார்த்தேன், அதுவும் அப்படித்தான்.

"என்ன மிஸ், முளைச்சிருக்கோ?" என்று பொன்னுத்துரை அண்ணை கேட்டார். இல்லை என்று சொன்னேன். பொய் சொல்ல வாய் வரவில்லை. பின்னால் ஒரு பெண் அழத் தொடங்கினார். இரண்டு மூன்று பேர் போய்க் கிடுகுக் கட்டைத் தூக்கினார்கள். பாக்கியம் மட்டும் நின்ற இடத்திலேயே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் கோப்பையைக் கழுவுகிற சாட்டில் கிணற்றடிக்குப் போனேன்.

வாளியில் அள்ளி முகத்தில் அடித்தேன். கண் எரிந்தது. முதல்நாள் வீதிப் புழுதியில் அடைத்திருந்த மூக்கு அப்போதுதான் திறந்ததோ என்னவோ, மணம் வந்தது. ஆஸ்பத்திரித் தளம் கழுவுகிற மணம்.

"அண்ணை, இந்தக் கிணத்துக்குக் குளோரின் போட்டதோ?"

என் பின்னாலேயே வந்திருந்த பொன்னுத்துரை அண்ணை ஓம் என்றார். தூள் கிணற்றிலும் விழுகிறதே என்று தான்தான் வாங்கி வந்து போட்டாராம். எவ்வளவு என்று கேட்டேன். அவர் நிலத்தைப் பார்த்தார்.

"தந்த ஆக்கள் ஒரு கரண்டிதான் எண்டு சொன்னவை. நஞ்சுக்கு ஒரு கரண்டி காணுமோ மிஸ்? நான் முழுப் பையையும் கொட்டிப்போட்டன். பேந்து போன கிழமையும் ஒரு பை."

எனக்குச் சிரிப்பதா ஏசுவதா என்று தெரியவில்லை. அந்தத் தண்ணீரில் எந்த வித்தி முளைக்கும்? அந்தத் தண்ணீரில் ஒரு நாளைக்கு இரண்டு தரம் குளிப்பாட்டினால் எந்தப் பிள்ளையின் கண்தான் சிவக்காது? நஞ்சென்று பயந்து மருந்தைக் கொட்டி, மருந்து கடித்ததை நஞ்சின் வேலை என்று நம்பி, இன்னும் கூடக் குளிப்பாட்டி... இரண்டு கிழமையாக நாற்பது குடும்பமும் இந்த வட்டத்துக்குள்தான் சுற்றியிருக்கிறது.

"எப்ப இருந்து கண் சிவந்தது, குளோரின் போட முந்தியோ பிந்தியோ?" என்று திரும்பி வந்து பாக்கியத்திடம் கேட்டேன். யோசித்தார். "பிந்தித்தாங்க," என்றார் மெதுவாக.

இலைகளில் அப்போதும் பனி இருந்தது. தயாளனும் நானும் கிளைகளை உலுப்பி ஒரு சிரட்டையில் பனித்தண்ணீர் சேர்த்தோம். புது வித்தி, புதுக் கண்ணாடி, பனித்துளி. கிடுகுக் கட்டுகளை மத்தியானம் வரை அப்படியே வைக்கச் சொல்லிக் கேட்டேன். வைத்தார்கள். அந்த ஆறு மணித்தியாலத்தில் தயாளன் இரண்டு பேர் கதைக்கிற அளவு கதைத்தார். அன்று மட்டும் அவரை நான் நிறுத்தவில்லை.

ஒரு மணிக்குச் சட்டியைத் தூக்கினேன். நீண்ட, ஒளி ஊடுருவுகிற குழாய்கள். ஊறவைத்த பயறு முளைவிட்ட மாதிரி ஒவ்வொரு வித்தியிலிருந்தும் ஒன்று. மற்றத் துண்டையும் வைத்துப் பார்த்தேன், அதிலும் அப்படித்தான். பிறகு நிமிர்ந்து, "வாங்கோ, பாருங்கோ," என்றேன்.

பாக்கியம்தான் முதலில் குனிந்தார். ஒரு கண்ணைப் பொத்திப் பார்க்கப் பழகக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு அசையவில்லை. நிமிர்ந்தபோது முகத்தில் நான் எதிர்பார்த்த சிரிப்பு இல்லை.

"மொளைக்குதுங்க. அப்ப இது எம்புள்ள நெஞ்சுக்குள்ளயும் மொளைக்குமா?"

என் படிப்பில் யாரும் என்னிடம் இவ்வளவு நல்ல கேள்வி கேட்டதில்லை. முளைத்துக் காட்டினால் பயம் போய்விடும் என்றல்லவா நினைத்தேன்? அவரைக் கூட்டிக்கொண்டு கொட்டிலுக்குப் பின்னால் போனேன். மரவள்ளி, பப்பாசி, ஒரு கறிவேப்பிலை. எல்லாவற்றிலும் ஒரு மாதத் தூள் படிந்து கிடந்தது. சேலைத் தலைப்பால் துடைத்துப் பார்க்கச் சொன்னேன். ஒவ்வொன்றாகத் துடைத்தார். உள்ளே பச்சைப் பசேலென்று இலை, ஒரு பொட்டு இல்லை. இந்தத் துரு தேக்கை விட்டால் வேறெங்கும் பிழைக்காது, அதுவும் உயிரோடு இருக்கிற இலையில் மட்டும், ஆய்வுகூடத்தில் நாங்கள் கஞ்சி காய்ச்சி ஊற்றினாலும் வளராது என்று சொன்னேன். பக்கத்தில் இருக்கிற மரவள்ளியிலேயே முளைக்கத் தெரியாதது பிள்ளையின் நெஞ்சில் எப்படி முளைக்கும்?

பப்பாசி இலையைக் கையில் பிடித்தபடியே அவர் கேட்டார், "அப்ப இது மரத்துக்கு வந்த நோயிங்களா? யாரும் செஞ்சது இல்லையா?"

"யாரும் செய்தது இல்லை. நோய்தான்."

"நோய்தானா," என்று திருப்பிச் சொன்னார். பிறகு திரும்பிச் சனத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார், "மரத்துக்குத்தான் நோயாம்." யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும். நோய் என்ற சொல்லைக் கேட்டு ஒரு சனக்கூட்டம் அப்படிச் சந்தோசப்பட்டதை நான் அதற்கு முன்னும் காணவில்லை, பின்னும் காணவில்லை. பொன்னுத்துரை அண்ணையைத்தான் பாவம், கிணறு இறைக்கவிட்டுப் பகிடி பண்ணித் தீர்த்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே இறைத்தார். இரண்டு நாளில் பிள்ளைகளின் கண் சிவப்பு மாறி வெளித்துவிட்டதாகப் பிறகு சொல்லியனுப்பினார்.

இனிப் போகிறவர்களுக்கு. தை கடைசியிலிருந்து மாசி முடியும்வரை போங்கள், பனி குறைந்தால் நல்ல பொட்டுகள் கிடைக்காது. மாங்குளத்தில் இறங்கி முல்லைத்தீவு பஸ் எடுத்தால் ஒட்டுசுட்டானில் இறங்கலாம். இருபத்தைந்து கிலோமீற்றர்தான், இப்போது வீதி நல்லது. அங்கிருந்து ஓட்டோ பிடிக்கலாம். வனத் திணைக்களத்தில் முதலே அனுமதி எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் போய், வெயில் சாய முன்னர் திரும்பிவிடுங்கள், யானைகள் இப்போதும் அதே பாதையைத்தான் பாவிக்கின்றன. இலையைப் பொலித்தீன் பையில் போடாதீர்கள், வியர்த்து அழுகும். பத்திரிகைத் தாளுக்குள், கீழ்ப்பக்கம் உரசாமல் வையுங்கள். முளைக்கவைக்க மழைத்தண்ணீரோ பனித்தண்ணீரோ எடுங்கள். குழாய்த் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், காரணம் இப்போது உங்களுக்குத் தெரியும்.

இன்னொன்று. கண்டுபிடித்ததை அறிக்கையில் எழுத முன்னர், அந்த மரத்துக்குக் கீழே இருப்பவர்களுக்குச் சொல்லுங்கள். சொல்ல முன்னர் சரியாகப் பாருங்கள். ஏனென்று சொல்கிறேன். அன்று பின்னேரம் நாங்கள் சைக்கிளில் ஏறும்போது கிடுகுக் கட்டுகளை அவிழ்க்கத் தொடங்கியிருந்தார்கள். பாக்கியம் இரண்டு தேக்குக்கு இடையில் கயிறு கட்டி, அதில் சேலையை ஏணையாகப் போட்டார். இரண்டு கிழமையாக ஈரத்துணிக்குள் பொத்தி வைத்திருந்த குழந்தையை அதில் கிடத்தி, மெல்ல ஆட்டிவிட்டார். காற்று வந்து மேலேயிருந்து தூள் கொட்டியது. குழந்தையின் நெற்றியில், மூக்கில், திறந்திருந்த வாயோரத்தில் எல்லாம் மஞ்சள். நான் சொன்னது சரிதானா என்று அந்தக் கணத்தில் எனக்கே ஒருதரம் ஐயம் வந்தது. பாக்கியம் அதைத் துடைக்கவில்லை. இன்னொருதரம் ஆட்டிவிட்டு, உலை வைக்கப் போனார்.